உணவுப் பக்கெற்றில் மச்சம் இருக்கிறதா? லேபலை வாசிக்கும் ஒழுங்கு

மச்சச் (அசைவச்) சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று பிரித்துப் புழங்கும் வீட்டிலும் பிரிட்ஜைத் திறந்தால் ஜெலட்டின் போட்ட யோகட் நாலு கோப்பை இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. கோப்பையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது.

புதிதாக லேபல் வாசிக்கத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது ஒழுங்கில்தான். வட்ஸ்அப்பில் வந்த ஈ-இலக்கப் பட்டியலை (உணவுச் சேர்க்கைகளுக்கு லேபலில் போடும் எண்களின் பட்டியலை) கையில் வைத்துக்கொண்டு நேரே இலக்கங்களுக்குப் போகிறார்கள். இலக்கத்தைப் பார்ப்பது பிந்திய வேலை. அது பொருள் என்னவென்று சொல்லும், எதிலிருந்து எடுத்தது என்று சொல்லாது. கீழே உள்ள படிகளின் ஒழுங்கு முழுவதும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. கடைக்குப் போக முன் எல்லையைக் கீறுங்கள்

சைவம் என்ற ஒரு சொல்லைக் கொழும்பில் பல வீடுகள் பல விதமாகப் பாவிக்கின்றன. ஒரு வீட்டில் பால் ஓம், முட்டை இல்லை. அடுத்த வீட்டில் கேக்கில் உள்ள முட்டை பரவாயில்லை. வேறொரு வீட்டில் பாலும் தேனும்கூட இல்லை. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. ஹலால் பார்ப்பவருக்குக் கேள்வியே வேறு: மாடு ஆகும், ஆனால் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும், பன்றி எந்த வடிவத்திலும் ஆகாது.

ஒரு தாளில் ஏழு சொற்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஓம் அல்லது இல்லை போடுங்கள்: பால், முட்டை, தேனும் தேன்மெழுகும், பூச்சியிலிருந்து எடுத்தவை, ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்தவை, மீன், கொன்ற மிருகத்தின் தோல்-எலும்பு-கொழுப்பு. இதை வீட்டிலேயே முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைத் தட்டுக்கு முன்னால், பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது, முடிவு பக்கெற்றுக்குச் சாதகமாகத்தான் வரும்.

விருந்தாளிக்கு வாங்கினால் விருந்தாளியின் தாள்தான் செல்லும். உங்களுடையதை அவர்மேல் சுமத்த வேண்டாம்.

வேறு கருவி பெரிதாகத் தேவையில்லை. கமரா உள்ள போன், இந்தத் தாள், ஐந்தாம் படியில் வரும் மூன்று கூடைகளின் பிரதி ஒன்று. முதல் நாளில் ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பழகிய பின் அரை நிமிடம் போதும்.

2. மூலப் பட்டியலைக் கண்டுபிடியுங்கள்

பக்கெற்றின் முன்பக்கம் படத்துக்கானது. 'சிக்கன் பிளேவர்' என்ற நூடில்ஸில் கோழியே இல்லாமல் இருக்கலாம். 'வெஜிடபிள்' என்ற சூப் தூளில் மீனிலிருந்து எடுத்த சுவை மேம்படுத்தி இருக்கலாம். பானப் போத்தல்களில் உள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் சீனியின் அளவுக்கானது. அந்தப் பச்சையைச் சைவப் பச்சை என்று எண்ணி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இறக்குமதிப் பொருள்களில் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: தொழிற்சாலை அச்சடித்தது ஒன்று, இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கர் மற்றது. முதலாவதைத்தான் வாசிக்க வேண்டும். ஸ்டிக்கரில் இடம் குறைவு. 'குழம்பாக்கி' என்ற சொல் மட்டும் நின்று, இலக்கமும் மூலமும் விழுந்துபோயிருக்கும். பல வேளைகளில் ஸ்டிக்கர் மூலப் பட்டியலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் அதே பொருளின் வேறு பக்கெற்றுகளைத் திருப்பிப் பாருங்கள். கையால் ஒட்டுவதால் ஏதாவது ஒன்றில் சற்று விலகியிருக்கும்.

மூன்று மொழியிலும் பட்டியல் இருந்தால் ஆங்கிலத்தை முதலிலும் தமிழை அடுத்ததாகவும் வாசியுங்கள். தமிழை ஒதுக்கச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் சுருங்குவது பெரும்பாலும் தமிழும் சிங்களமும்தான் என்பதால் இந்த ஒழுங்கு. ஒரே வேலைக்குத் தமிழில் இரண்டு பெயர் ஓடுவதும் குழப்பும்: குழம்பாக்கியும் பால்மமாக்கியும் ஒன்று, மெருகூட்டி என்பதும் மினுக்கல் பொருள் என்பதும் ஒன்று. மச்சம் அதிகமாகத் தங்கும் இடங்கள் ஐந்து: குழம்பாக்கி, நிலைப்படுத்தி, நிறமூட்டி, சுவை மேம்படுத்தி, மெருகூட்டி.

சேர்பொருள்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசைப்படும். சேர்க்கைகள் மிகச் சிறிய அளவில் போடப்படுவதால் வால்பக்கத்தில்தான் கூடி நிற்கும். கண் களைத்துப்போய் நிறுத்திவிடும் இடமும் அதுதான்.

வாசிக்க முடியாவிட்டால் நிழல் விழாமல் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். பட்டியலோடு தொகுதி இலக்கம், உற்பத்தி நாடு, திகதி மூன்றும் படத்தில் விழட்டும். ஒன்பதாம் படியில் அவை தேவைப்படும். பெருப்பிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 441 ஜெலட்டின், 440 பெக்டின், 414 வேலமரப் பிசின். 904 அரக்கு, 903 ஒரு பனை இலையின் மெழுகு. மங்கிய அச்சில் ஓர் எண் பிசகினால் தீர்ப்பே தலைகீழாகும்.

3. இலக்கத்துக்கு முன் சொற்கள்

பல பொருள்கள் இந்தப் படியிலேயே விழுந்துவிடும். பிறகு இலக்கங்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஜெலட்டின், கொலாஜன் இரண்டும் பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு, மீன் தோல் ஆகியவற்றில் ஏதாவதொன்றிலிருந்து வருபவை. தாவர ஜெலட்டின் என்று ஒன்று கிடையாது. அப்படி எழுதியிருந்தால் உள்ளே இருப்பது அகார் என்ற கடற்பாசிப் பொருளோ, பழத்தோலின் பெக்டினோ, இன்னொரு கடற்பாசிப் பொருளான கராஜீனனோதான். 'லார்ட்' பன்றிக் கொழுப்பு. 'டாலோ' என்பதும் 'சூவட்' என்பதும் மாடு அல்லது ஆட்டுக் கொழுப்பு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி மற்றக் கொழுப்புகளைப் பொதுப்பெயரில் எழுதலாம். பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். ஆகவே கொழுப்பு வரியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுவது பயனுள்ள வேலை.

'ரெனட்' சீஸில் வரும். பழைய முறையில் இளங்கன்றின் நாலாம் இரைப்பையிலிருந்து எடுப்பது. 'மைக்ரோபியல்' என்று முன்னால் இருந்தால் நுண்ணுயிரில் வளர்த்தது. வெறும் 'என்சைம்' என்றிருந்தால் பதில் தெரியாது. கேட்க வேண்டிய பட்டியலில் போடுங்கள். 'வே', 'கேசீன்', 'கேசினேட்', 'லக்டோஸ்' எல்லாம் பால். 'நொன் டெய்ரி' என்று பெரிதாக எழுதிய கோப்பி வெண்மையாக்கியில் சோடியம் கேசினேட் இருப்பது சாதாரணம். 'அல்புமின்' பெரும்பாலும் முட்டை.

இலங்கையில் கட்டாயம் தேட வேண்டிய ஒரு சொல் மாசி. போத்தலில் வரும் சீனிச் சம்பல், கட்டைச் சம்பல், சில மிளகாய்ப் பசைகள் எல்லாவற்றிலும் மாசிக் கருவாடு விழும். ஆங்கிலத்தில் 'மோல்டிவ் பிஷ்' என்றும் சிங்களத்தில் 'உம்பலகட' என்றும் இருக்கும். வெங்காயமும் மிளகாயும்தானே என்று பார்க்காமல் எடுப்பவர்கள் அதிகம். அதே வரிசையில் வூஸ்டர் சோஸில் நெத்தலி வகை மீன் இருக்கும், தாய்லாந்துக் கறிப்பசைகளில் இறால் இருக்கும்.

மிருகப் பெயர்போல ஒலித்து வீணாகப் பயமுறுத்தும் சொற்களும் உண்டு. லக்டிக் அமிலம் பாலிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை; வழக்கமாகத் தாவரச் சீனியை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். கொக்கோ பட்டர் கொக்கோ விதையின் கொழுப்பு. கிறீம் ஒஃப் டார்டாரில் கிறீம் இல்லை. அது திராட்சையிலிருந்து வரும் உப்பு.

4. ஒவ்வாமை வரியைக் கடன் வாங்குங்கள்

பட்டியலுக்குக் கீழே 'கொண்டுள்ளது: பால், சோயா, கோதுமை' என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் போட்டது என்றாலும் நமக்கு அது இலவச உளவாளி.

லெசிதின், அதாவது 322, சோயா, சூரியகாந்தி, முட்டை மூன்றிலிருந்தும் வரும். ஒவ்வாமை வரியில் சோயா இருந்து முட்டை இல்லாவிட்டால் கேள்வி முடிந்தது. மீன் ஜெலட்டினும் மாசியும் அந்த வரியில் 'மீன்' என்று அகப்படும். லைசோசைம் போட்ட சீஸ் முட்டை என்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டு இடத்தில் இந்த உளவாளி உதவமாட்டார். மாடும் பன்றியும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லாததால் மாட்டு ஜெலட்டின் அங்கே வராது. 'இருக்கக்கூடும்' என்ற வரி, அதே இயந்திரத்தில் வேறு பொருளும் ஓடுகிறது என்ற எச்சரிக்கை மட்டும். அதைச் சேர்பொருளாக எண்ணி ஒதுக்குவதா என்பது உங்கள் தாளைப் பொறுத்தது.

5. இலக்கங்களை மூன்று கூடையில் போடுங்கள்

ஐரோப்பிய லேபலில் ஈ என்ற எழுத்தோடும் இந்திய, இலங்கை லேபல்களில் பெரும்பாலும் ஐ.என்.எஸ் என்ற எழுத்துகளோடும் இலக்கம் வரும். அநேகமாக எல்லாவற்றுக்கும் எண் ஒன்றுதான். நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்தால் பிழைக்கும். மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதற் கூடை, எப்போதும் மிருக மூலம்: 120 கார்மைன், 441 அல்லது 428 ஜெலட்டின், 542 எலும்புப் பொசுபேற்று, 901 தேன்மெழுகு, 904 அரக்கு, 913 ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின், 966 பாலின் லக்டோஸிலிருந்து வரும் லக்டிடோல், 1105 முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம். எல்லாம் ஒரே அளவு 'மச்சம்' இல்லை என்பதால்தான் முதலாம் படியில் அந்த ஏழு கேள்விகள்.

இரண்டாம் கூடை, தாவரமும் ஆகலாம், மிருகமும் ஆகலாம்: 422, 432 முதல் 436 வரை, 470 முதல் 483 வரையுள்ள கூட்டம், 491 முதல் 495 வரை, 570, 572, 627, 631, 635, 640, 920.

மூன்றாம் கூடை, பயப்படத் தேவையில்லாதவை: 100 மஞ்சள், 160பி அனாட்டோ விதை, 162 பீற்றூட், 270, 330, 406 கடற்பாசி, 407 கராஜீனன், 410, 412, 414, 415, 440, 621, 903. வட்ஸ்அப் பட்டியல்களில் ஈ-100 பன்றிக் கொழுப்பு என்று சுற்றுகிறது. அப்படிப் பார்த்தால் நம் குசினிகளில் ஒரு கறியும் தேறாது.

நேரம் போவதெல்லாம் இரண்டாம் கூடையில்தான். அதில் 471 ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவை விளங்கும். 471 என்பது கிளிசரினோடு கொழுப்பமிலம் இணைந்த பொருள். லேபலில் 'மோனோ அண்ட் டைகிளிசரைட்ஸ்' என்று வரும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடிக்கும். ஐஸ்கிறீம், மாஜரின், பாண், கேக் கலவை, பிஸ்கட் கிறீம் எங்கும் இருக்கும். கொழுப்பமிலம் பாம் எண்ணெயிலிருந்து வந்தாலும் மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தாலும் கிடைக்கும் பொருள் ஒன்றே, இலக்கமும் ஒன்றே. ஆகவே '471 கூடாது' என்பதும் பிழை, '471 பரவாயில்லை' என்பதும் பிழை. பக்கத்தில் 'வெஜிடபிள் ஒரிஜின்' என்ற சொல்லோ ஏழாம் படியில் வரும் முத்திரையோ இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் கேளுங்கள். 472, 481, 482 பாணிலும் பணிஸிலும் அடிக்கடி வரும், இதே நடைமுறை.

631, 627, இவை சேர்ந்த 635 மூன்றும் சுவை மேம்படுத்திகள். நூடில்ஸ் தூளிலும் உருளைக்கிழங்குச் சிப்ஸிலும் 621 என்ற அஜினோமோட்டோவோடு கூட்டாக வரும். இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். 621 நொதிக்கவைத்து வருவது. அதன் பக்கத்தில் நிற்பதால் மற்ற மூன்றும் அப்படித்தான் என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. 920 மாவைப் பதப்படுத்தும் சிஸ்டீன். இறகு, முடி ஆகியவற்றிலிருந்தும் வரும், நொதித்தலிலும் வரும்.

சிவப்பு நிறம் தனியாகச் சொல்ல வேண்டிய பொறி. 120 கார்மைன் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுப்பது. பேரு நாட்டில் பெருமளவில் உற்பத்தியாகிறது. ஸ்ட்ரோபெரி யோகட், இளஞ்சிவப்பு டொபி, ஐஸ்கிறீம் ஆகியவற்றில் தேடுங்கள். 'கார்மினிக் அசிட்', 'நச்சுரல் ரெட் 4' என்றும் எழுதுவார்கள். ஆனால் 122 கார்மொய்சின் முழுக்கச் செயற்கைச் சாயம். பெயர் மட்டும் ஒட்டியது. அதைவிடக் குழப்பம் 124. அதன் மறுபெயர் 'கொச்சினீல் ரெட் ஏ', பூச்சிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயரை மட்டும் பார்ப்பவர் 124ஐ ஒதுக்கி 'நச்சுரல் கலர்' என்பதை எடுப்பார். பூச்சி இருப்பதென்னவோ அதில்தான். நிறத்தில் மட்டும் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்தே பாருங்கள்.

904இல் உள்ள அரக்கு, பாண்டவருக்குக் கட்டிய மாளிகையின் அதே அரக்குத்தான். அரக்குப் பூச்சி கிளையில் சுரப்பது. மினுமினுக்கும் சொக்லேட் உருண்டைகளிலும் ஜெலி பீன்ஸிலும் 'கொன்பெக்ஷனர்ஸ் கிளேஸ்' என்ற பெயரில் நிற்கும்.

6. லேபலில் வராதவை

இங்கே மனம் தளர வேண்டாம், அளவைத் தெரிந்துகொண்டால் போதும். கோடெக்ஸ் விதிப்படி, சேர்பொருளாகப் போடும் ஒரு கலவை மொத்த உணவில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதற்குள் இருப்பவற்றைப் பிரித்து எழுதத் தேவையில்லை. இறுதி உணவில் வேலை செய்யும் சேர்க்கைகளும் ஒவ்வாமைப் பொருள்களும் இதற்கு விலக்கு. பிஸ்கட் பட்டியலில் 'மாஜரின்' என்று மட்டும் நிற்பது இப்படித்தான்.

தயாரிப்பின்போது பாவித்து அகற்றியவையும் வராது. சில பியர், வைன் வகைகளைத் தெளியவைக்கும் மீனின் காற்றுப்பை இதற்கு உதாரணம். விட்டமின்களைத் தாங்கி வரும் பொருள் இன்னொன்று: தூளாக்கிய விட்டமின் ஏ ஜெலட்டின் உறைக்குள் வரலாம். விட்டமின் டி3 பெரும்பாலும் லனோலினிலிருந்து. பால்மாவிலும் மோல்ட் பானங்களிலும் இது சகஜம். டி2 என்றால் ஈஸ்ட் அல்லது காளான் வழி வந்தது.

'பிளேவரிங்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று லேபல் சொல்லாது. வனிலாவுக்கு மெனக்கெட வேண்டாம். இறைச்சி, சீஸ், வெண்ணெய்ச் சுவை என்றால் கேளுங்கள்.

7. முத்திரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

இந்தியப் பொருள்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். மண்ணிறச் சதுரத்துக்குள் மண்ணிற முக்கோணம் அசைவம். பழைய பொதிகளில் முக்கோணத்துக்குப் பதில் மண்ணிற வட்டம் இருக்கும். முட்டை சேர்ந்தால் மண்ணிறம்தான். பச்சை இருந்தால் 471 குடும்பக் கேள்வி தீர்ந்தது; வெள்ளவத்தைக் கடைகளில் இந்தியப் பொருள்கள் நிறைந்திருப்பதால் இது பெரிய நேரச் சேமிப்பு. ஆனால் அந்த விதியில் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை அசைவத்தில் சேராது. பச்சை வட்டம் உள்ள இனிப்பில் 904 இருப்பது மோசடி இல்லை. ஏற்றுமதிக்கென்று அச்சடித்த பொதியில் வட்டமே இல்லாமலும் இருக்கலாம். இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஹலால் முத்திரை பன்றி, மதுசாரம், அறுத்த முறை ஆகியவற்றுக்கான பதில். சைவக்காரருக்கு அது போதாது. சொல்லப்போனால் ஹலால் முத்திரையும் ஜெலட்டினும் ஒரே பொதியில் இருந்தால் உள்ளே பெரும்பாலும் மாடு, அல்லது மீன். மாடு ஆகவே ஆகாத வீட்டுக்கு இது முக்கியமான தகவல். மறுபக்கம், பச்சை வட்டத்தை ஹலாலுக்குப் பதிலாக எடுக்கவும் முடியாது. மதுசாரம் பற்றி அது பேசாது.

அமெரிக்கப் பொருள்களில் 'பார்வ்' என்ற யூத முத்திரை, இறைச்சியும் பாலும் இல்லை என்று மட்டும் சொல்கிறது. மீனும் முட்டையும் இருக்கலாம். 'வீகன்' என்பதே எல்லாவற்றிலும் இறுக்கமானது.

8. எந்தத் தட்டில் எதைத் தேடுவது

யோகட் தட்டில் தொடங்குங்கள். கொழும்பில் விற்கும் செற் யோகட் பலவற்றில் நிலைப்படுத்தியாக ஜெலட்டின் இருக்கிறது. கோப்பையைத் திருப்பினால் 'ஸ்டெபிலைசர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். சிலதில் 'பீஃப்' என்றும் இருக்கும். கரண்டியால் வெட்டினால் ஜெலி போலச் சுத்தமாக வெட்டுப்படுவதும் தண்ணீர் பிரியாததும் ஜெலட்டினின் குணம்; மாச்சத்தும் பெக்டினும் அதையொத்த வேலை செய்யும் என்பதால் இதைச் சந்தேகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்குப் பட்டியல் வேண்டும். மண்சட்டித் தயிர் பாலும் உறையும்தான். மாற்று தேவைப்பட்டால் அதுவே லேசான வழி.

மார்ஷ்மலோ, கரடி வடிவ ஜெலி இனிப்பு: ஜெலட்டின், 120, 904, 901 நான்கையும் பாருங்கள். ஜெலி கிறிஸ்டல் பக்கெற்றுகளில் சில ஜெலட்டின், சில கராஜீனன். ஒரே நிறுவனம் இரண்டும் விற்கும். பெட்டியின் படம் ஒன்றுபோலவே இருக்கும்.

மாஜரினில் 471, வே தூள், விட்டமின்கள். சீஸில் ரெனட். சூப் கட்டியில் கொழுப்பின் பெயரும் 631, 635. சொக்லேட்டில் 322, 476, பால். மீனெண்ணெய், விட்டமின் மாத்திரைகளில் உறை. மென்மையான கண்ணாடி போன்ற உறை பெரும்பாலும் ஜெலட்டின். தாவர உறை என்றால் பெரும்பாலும் எச்.பி.எம்.சி என்ற எழுத்துகள் இருக்கும்.

பேக்கரியில் திறந்து விற்கும் பாணுக்கும் பணிஸுக்கும் லேபலே கிடையாது. 'சைவமா?' என்று கேட்டால் இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் ஓம் என்பார்கள். மூன்றாக உடைத்துக் கேளுங்கள்: மேலே முட்டை பூசினதா, சீனிச் சம்பலில் மாசி போட்டதா, என்ன மாஜரின் பாவிக்கிறீர்கள்.

புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கும் கடைகளில் சிறு பொலித்தீன் பைகளில் கட்டிய வெள்ளைப் பொடி இன்னொரு சிக்கல். 'ஜெலி பவுடர்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஜெலட்டினா, கடப்பாசி என்று நாம் சொல்லும் அகாரா என்பதை வீட்டில் பிரிக்கலாம்.

ஒரு தேக்கரண்டிப் பொடியை 100 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். ஜெலட்டின் என்றால் உப்பிக் கடற்பஞ்சு போலாகும். பாத்திரத்தைக் கொதிக்கவிடாமல், ஏறத்தாழ 60 பாகை சூட்டில் கிளறுங்கள். ஜெலட்டின் கரைந்து தெளியும். அகார் மணல்மணலாகவே நிற்கும், அது கரையக் கொதி வேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: அவசரத்தில் கொதிக்கவைத்தால் இரண்டுமே கரைந்துவிடும், பிறகு ஒன்றும் பிரிபடாது. அப்படி நடந்திருந்தால் பிரிட்ஜில் உறையவைத்து ஒரு துண்டை வெட்டி, மூடிய உள்ளங்கையில் சில நிமிடம் வைத்திருங்கள். ஜெலட்டின் உடற்சூட்டிலேயே இளகி வழியும். அகார் 85 பாகை அளவுக்கு ஏறும்வரை அசையாது.

இன்னும் ஐயமென்றால் ஒரு சிட்டிகையைப் பழைய கரண்டியில் கருக்குங்கள். ஜெலட்டின் புரதம், முடி எரியும் மணம் வரும். இந்தச் சோதனை ஜெலட்டினை அடையாளம் காட்டும். மாடா பன்றியா என்று காட்டாது. பன்றி பற்றிய கேள்வி உள்ளவர்கள் பெயரில்லாப் பையை வாங்காமல் விடுவதே சரி.

9. உற்பத்தியாளரிடம் கேட்பது

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுபவை இரண்டாம் கூடையில் ஒன்றோ இரண்டோ. உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பொதியில் இருக்கும். தொலைபேசியில் கேட்டால் எடுப்பவர் தெரிந்ததைச் சொல்வார். எழுத்தில் கேட்டால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகும்.

'இது சைவமா?' என்று எழுதினால் கிடைக்கும் ஓமுக்குப் பெறுமதி இல்லை, அவர்களுடைய எல்லை உங்களுக்குத் தெரியாது. இப்படி எழுதுங்கள்: 'உங்கள் இன்ன பொருள், தொகுதி இலக்கம் இன்னது, காலாவதித் திகதி இன்னது. இதில் உள்ள 471 தாவரக் கொழுப்பிலிருந்தா, மிருகக் கொழுப்பிலிருந்தா? மிருகம் எனில் எது? வழங்குநர் மாறும்போது இந்த மூலமும் மாறுமா?' படத்தையும் இணையுங்கள்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாம் எண்ணெயின் விலையைப் பொறுத்து வேறு வழங்குநரிடம் போகும் நிறுவனத்தின் இன்றைய பதில் அடுத்த தொகுதிக்குப் பொருந்தாமல் போகலாம். 'எங்கள் தேவை விவரக்குறிப்பிலேயே தாவர மூலம் என்றிருக்கிறது' என்று பதில் வந்தால் நம்பலாம். 'நாம் எல்லாத் தரங்களையும் பேணுகிறோம்' என்று வந்தால் பதில் வரவில்லை என்று பொருள்.

சேர்பொருள் பட்டியலே இல்லாத பொதியோ, ஸ்டிக்கரால் முழுதாக மறைத்ததோ என்றால் அது வேறு விடயம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருவது. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பற்றுச்சீட்டையும் பொதியையும் எறிந்துவிட்டு அழைக்க வேண்டாம்.

10. குறிப்பு வைத்து மீண்டும் பாருங்கள்

போனில் ஓர் அல்பம் திறந்து, பார்த்து முடித்த பட்டியல்களின் படங்களைப் போடுங்கள். பொருளின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் பயன் குறைவு. ஒரே பெயர், ஒரே உறை, ஆனால் ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றது மலேசியாவில் செய்தது என்று பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இருக்கும். 471இன் மூலமும் ஜெலட்டினும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நாட்டின் பெயரும் படத்தில் தெரிய வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாக வாங்குபவற்றைத் திருப்பிப் பாருங்கள். இடையில் 'புதிய சுவை', 'இப்போது இன்னும் கிறீமியாக' என்று உறை மாறியிருந்தால் அன்றைக்கே பாருங்கள். கிறீமியாக வந்ததற்குக் குழம்பாக்கியோ நிலைப்படுத்தியோ மாறியதே பெரும்பாலும் காரணம்.